ராத்திரி யார் முழித்திருப்பார்கள் என்று கேள்

பாப்பா,

கலாபகோஸ் தீவுகளுக்குக் கடலில் முங்கிப் பார்க்கப் போகிறாயே, நீ அனுப்பிய அந்தப் படகு போட்டோவைத் தம்பி போனில் பெரிதாக்கிக் காட்டினான். வெள்ளை வெளேரென்று இருக்கிறது, நம்ம விசைப்படகைப் போல இரண்டு மடங்கு நீளம், மாடியில் சாய்வு நாற்காலி வேறு. எட்டு நாள் படகிலேயே சாப்பிட்டு, படகிலேயே படுத்து, ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை கடலில் குதிக்க ஆறாயிரம் டாலர் என்று அவன் சொன்னதும் உன் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். முப்பத்தொரு வருஷம் நானும் படகில்தான் படுத்தேன், ஒருத்தரும் என்னிடம் காசு கேட்டதில்லை. சரி, உன் சம்பாத்தியம், உன் லீவு.

ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் ஏறிக் கிடக்கிறது, பெயிண்ட் வேலையும் முடிந்துவிட்டது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "அப்பா, எல்லாம் எனக்குத் தெரியும்" என்பாய்.

எரிமலைத் தீவு பார்க்க வேண்டுமென்றால் அந்தமான் பக்கம் பாரன் தீவு இருக்கிறதே, இன்னமும் புகை விடுகிறதே, எதற்கு ஈக்வடார் வரைக்கும் போக வேண்டும் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் தம்பி உட்கார வைத்துக் காட்டினான். கலாபகோஸ் தீவுகள் எல்லாமே கடலின் அடியிலிருந்து எரிமலை கக்கிக் கக்கி எழும்பியவை, மேற்கே இருக்கிற ஃபெர்னாண்டினா 2024 மார்ச்சில்கூட வெடித்திருக்கிறது. நீ போகிற வுல்ஃபும் டார்வினும் வடக்கே தனியாகக் கிடக்கிற பழைய எரிமலைகளின் உச்சி, ஆள் கிடையாது, கரையில் இறங்கவும் விடமாட்டார்கள். டார்வின் தீவுக்கு எதிரே கல் வளைவு ஒன்று இருந்ததாம், 2021 மே மாதம் மேல் பகுதி கடலில் விழுந்து இப்போது இரண்டு தூண்தான் நிற்கிறது.

அங்கே ஏன் இவ்வளவு மீன் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கடலடியில் பார், அதாவது பாறைத் திட்டு, இருந்தால் அங்கே மீன் நிற்கும், நம்ம ஆட்கள் எந்தக் கருவியும் இல்லாத காலத்திலேயே கரையில் தெரிகிற கோபுரத்தையும் பனைமரத்தையும் அடையாளம் வைத்துப் பாரைக் கண்டுபிடித்தார்கள். உன் தீவுகள் ஆயிரக்கணக்கான அடி ஆழத்திலிருந்து எழும்பிய ராட்சசப் பார். மேற்கிலிருந்து ஆழத்தில் ஓடி வருகிற குரோம்வெல் நீரோட்டம் அந்த மலையில் மோதி, குளிர்ந்த தண்ணீரையும் அதோடு தீனியையும் மேலே தள்ளுகிறது. சுத்தியல் மாதிரித் தலை இருக்கிற கொம்பன் சுறா கூட்டம் கூட்டமாக வருகிறது. ஜூனிலிருந்து நவம்பர் வரை திமிங்கலச் சுறாவும் வருமாம், அதிலும் பெரும்பாலும் பெண் சுறாக்கள். நீ ஆகஸ்டில் போவதால் பார்த்துவிடுவாய். கொம்பனைப் பற்றி அம்மாதான் புலம்புகிறாள், எனக்கு அந்தப் பயம் இல்லை. எத்தனையோ கொம்பனை வலையிலிருந்து எடுத்திருக்கிறேன், பயப்பட வேண்டியது அதுதான்.

பத்து பாகம், அதாவது அறுபது அடி ஆழத்தில் மூச்சு விடுவதைப் பற்றி நான் உனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நீ புதுச்சேரியில் கற்றுக்கொண்டாய், சர்டிபிகேட் வைத்திருக்கிறாய், ஏறும்போது ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நிற்க வேண்டும், கடைசியாக முங்கியதிலிருந்து ஒரு நாள் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும், இதெல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் படகு எனக்குத் தெரியும்.

தம்பியிடம், இந்த மாதிரிப் படகுகளில் எப்போதாவது விபத்து நடந்திருக்கிறதா பார் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் படித்தான். 2019 செப்டம்பர் 2, சாண்டா குரூஸ் தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டிருந்த டைவிங் படகில் விடியற்காலை மூன்று மணி வாக்கில் தீ. கீழ்த்தளத்தில் தூங்கிய 34 பேரும் போய்விட்டார்கள். சாண்டா குரூஸ் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, உன் பயணத் தாளிலும் அந்தப் பேர் இருக்கிறதே! அப்புறம்தான் தெரிந்தது, அது கலிபோர்னியா சாண்டா குரூஸ், உன்னுடையது வேறு. தீவு வேறானாலும் படகு படகுதான். மேல்தட்டில் படுத்திருந்த ஐந்து ஊழியர்கள் தப்பித்தார்கள். கீழே இருந்தவர்களுக்கு ஒரு படிக்கட்டும் ஒரு அவசர வழியும் இருந்திருக்கின்றன, ஆனால் இரண்டும் போய்ச் சேர்வது தீப்பிடித்த அதே இடத்தில். எதனால் பிடித்தது என்று விசாரித்தவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த இடத்தில் இரவு முழுக்க நிறைய பேட்டரி சார்ஜில் போட்டிருந்தார்கள். ஒன்று மட்டும் நிச்சயம், சுற்றி வந்து பார்க்க ஒருத்தரும் முழித்திருக்கவில்லை. கேப்டனுக்கு 2024-இல் நாலு வருஷம் ஜெயில்.

அந்தக் கேப்டனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று எழுதுகிறேன், அம்மாவிடம் சொல்லாதே.

நீ ஆறாவது படிக்கும்போது பரங்கிப்பேட்டைக்கு நேரே தங்கலில், கரைக்கு வராமல் கடலிலேயே தங்கி மீன் பிடித்துக்கொண்டு, இருந்தோம், ஆறு பேர். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை என் காவல். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை, வீல்ஹவுஸ் சுவரில் முதுகைச் சாய்த்தேன், அவ்வளவுதான் ஞாபகம். ஒரு பையன் இருமுகிற சத்தத்தில் கண் திறந்தால் ரப்பர் கருகுகிற நாற்றம், எஞ்சின் ரூம் மூடியின் இடுக்கில் சாம்பல் நிறத்தில் புகை நூல் மாதிரி வருகிறது. பேட்டரி வயர் இரும்பில் உரசி உரசித் தோல் போய், பக்கத்தில் கிடந்த எண்ணெய்த் துணியில் பற்றியிருக்கிறது. டீசல் கேன் அதிலிருந்து இரண்டு முழம். வயரைக் கையாலேயே பிடுங்கினேன், ஈரச் சாக்கைப் போட்டு மிதித்தேன். என் வலது உள்ளங்கைத் தழும்பு விஞ்ச் கயிறு இழுத்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனே, அது கயிறு இல்லை. அந்தப் பையன் இருமாமல் இருந்திருந்தால் கேபினில் படுத்திருந்த நாலு பேருக்கு நான் பதில் சொல்லியிருக்க முடியாது.

அதனால் படகில் ஏறிய அன்றைக்கே கூச்சப்படாமல் கேள். ராத்திரி யார் முழித்திருப்பார்கள், எத்தனை மணிக்கு மாறுவார்கள், அந்த ஆள் பேர் என்ன. உன் ரூமிலிருந்து இரண்டாவது வழி எங்கே போய்த் திறக்கிறது என்று நீயே ஒரு தடவை, விளக்கை அணைத்துவிட்டு, கையால் தடவிக்கொண்டே போய்ப் பார். கேமரா, டார்ச் பேட்டரி எதையும் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதே. சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இன்னொன்று, நீரோட்டம். டார்வினில் பாறையைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டியிருக்கும் என்று நீயே சொன்னாய், கையுறை எடுத்துக்கொள். இழுத்துக்கொண்டு போய்விட்டால் எதிர்த்து நீந்திக் களைத்துப் போகாதே, மேலே வந்து அந்த நீள ஆரஞ்சு பலூனை ஊதி நிமிர்த்திப் பிடி. அலை இருக்கிற கடலில் மனுஷத் தலை தேங்காய் மிதக்கிற மாதிரிதான் தெரியும், கொஞ்ச தூரம் போனால் அதுவும் தெரியாது, நான் தேடியிருக்கிறேன். விசிலும் சின்னக் கண்ணாடியும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

வுல்ஃப், டார்வின் பக்கம் டவர் கிடைக்காது என்றாய். கிடைக்கிற முதல் இடத்தில் அந்தக் காவல்காரன் பேரை மட்டும் அனுப்பு. உனக்கு ராத்திரி பன்னிரண்டு என்றால் இங்கே காலை பதினொன்றரை, கரையில் இருக்கிற நாளில் ஏலம் முடிந்து வலையோடுதான் உட்கார்ந்திருப்பேன், போன் கையிலேயே இருக்கும்.

அம்மா கருவாட்டுத் தொக்கு கொடுத்தனுப்பவா என்று கேட்கிறாள். அந்தத் தீவுகளில் பெட்டியைத் திறந்து விதை, பழம்கூட விடாமல் சோதிப்பார்களாம், அதனால் நீ திரும்பி வீட்டுக்கு வந்த பிறகு அனுப்பலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்பா
கடலூர் முதுநகர்