கதண்டு கொட்டினால் பள்ளியில் என்ன செய்வோம்?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பள்ளிக்குப் பின்னால் பனைமரத்தில் இருந்த கதண்டுக் கூட்டைத் தீயணைப்புத் துறையினர் வந்து அழித்துவிட்டார்கள். யாரையும் கொட்டவில்லை. ஆனாலும், "கொட்டியிருந்தா என்ன சார் செஞ்சிருப்பீங்க?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

நிறையக் கதண்டுகள் கொட்டினால் யாராக இருந்தாலும் உடனே மருத்துவமனைதான். சிலருக்கோ ஒரே கொட்டு போதும், கடுமையான ஒவ்வாமை வந்துவிடும். சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடித்து, உதடும் நாக்கும் வீங்கி, குரல் கம்மி, மூச்சு இழுக்கும்; வாந்தியும் தலைசுற்றலும் வரும். வேர்க்கடலை, இறால், சில மருந்துகளாலும் இப்படி ஆகலாம்.

இதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. தளர்ந்த ரத்தக் குழாய்களை அது இறுக்கி, விழுந்த ரத்த அழுத்தத்தை ஏற்றும். சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்கும். தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவார்கள். குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், சரியாகவில்லை என்றால் 5 நிமிடம் கழித்து இன்னொன்று. நம்மில் பலர் முதலில் தேடுவது அவில் மாத்திரையை. அது அரிப்பைக் குறைக்கும், அடைத்த மூச்சைத் திறக்காது. சுண்ணாம்பு தடவுவதும் அப்படித்தான், நேரம்தான் போகும்.

10 வயதுப் பிள்ளைகளுக்கு டி.டி. (ரண ஜன்னி, தொண்டை அடைப்பான்) தடுப்பூசி போட்டதும் அரை மணி நேரம் உட்காரவைக்கிறோமே, அதுவும் இந்த ஒவ்வாமைக்குப் பயந்துதான். செவிலியரின் பெட்டியில் அட்ரினலின் குப்பி இருக்கும்.

பிரிட்டனில் பேனா போன்ற அட்ரினலின் ஊசியை 2017 அக்டோபர் முதல் மருத்துவர் சீட்டு இல்லாமலே பள்ளிகள் வாங்கி வைத்துக்கொள்ளலாம். இங்கே அது எளிதில் கிடைப்பதில்லை. குப்பியை உடைத்து, அளவு பார்த்து ஊசி போடுவது ஆசிரியர் வேலையும் இல்லை. அதனால் பிள்ளையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தி வைப்போம். மூச்சுத் திணறினால் உட்காரவைப்போம். எழுந்து நடக்க விடமாட்டோம். முதலில் 108, அப்புறம்தான் உங்களுக்கு போன். இதில் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஊசி போட்டதும் பிள்ளை தெளிந்துவிடலாம். "அதான் சரியாயிடுச்சே" என்று உடனே வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும் என்பதால், மருத்துவர் சொல்லும்வரை அங்கேயே இருங்கள்.

எந்தப் பூச்சி, எந்த மருந்து, எந்த உணவு உங்கள் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஒரு தாளில் எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். சத்துணவு முட்டை ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் எழுதுங்கள். எப்போதும் எடுக்கக்கூடிய போன் எண் இரண்டும் வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்