டூட்டி மாறும்போது பேச நேரம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் ஏற்காட்டிலிருந்து அம்மாவைக் கீழே கூட்டி வந்து சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். சர்க்கரை, கூடவே காலில் புண். இரவு நர்ஸ் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார், ஆனால் காலையில் டூட்டி மாறியபோது, அம்மா சாப்பிடாததால் இன்சுலினை நிறுத்தி வைத்திருந்த விஷயம் அடுத்து வந்தவருக்குப் போய்ச் சேரவில்லை, நான் பக்கத்திலிருந்து சொன்னதால் தப்பித்தோம். துணைக்கு ஆளில்லாத நோயாளி என்ன செய்வார்?

அந்தப் பெண்களைக் குறை சொல்லவில்லை. நர்சிங் சூப்பரிண்டெண்ட், வார்டு பொறுப்பாளர், அவருக்குக் கீழே நர்ஸ் என்று உத்தரவு மட்டும் இறங்கி வருகிறது, கீழே இருப்பவர் 'ஆள் போதவில்லை, நேரமில்லை' என்று மேலே சொல்லத் தயங்குகிறார். உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே நோயாளியை ஒப்படைக்க ஒரே சீரான முறை வேண்டும் என்றது: இப்போதைய நிலை, பின்னணி, நம் மதிப்பீடு, அடுத்து செய்ய வேண்டியது. இதைக் கட்டில் பக்கத்தில் நின்று பேசினால் நோயாளியும் கேட்பார், தவறிருந்தால் சொல்வார். அப்புறம், அந்த நேரத்தையும் டூட்டியாகவே கணக்கில் எடுங்கள், வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பவரிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

ஒரு வாசகர்,
ஏற்காடு