தலைப்பிலேயே ‘எலி’ என்று போடுங்கள்

தமிழில் மருத்துவச் செய்தி எழுதும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

என் அம்மாவுக்கு அல்சைமர். போன மாதம் மாமா வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார், “மறதி நோய்க்கு மருந்து ரெடி” என்று தலைப்பு. அப்பா மருந்தின் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு அன்று மாலையே மருந்துக்கடைக்குப் போய்விட்டார். நான் வேலை முடிந்து வந்து முழுதாகப் படித்தால், கடைசிப் பத்தியில் இருக்கிறது, சோதனை நடந்தது எலிகளிடம் என்று. அதை அப்பாவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

எலிக்குத் தானாக அல்சைமர் வருவதில்லை. இளவயதிலேயே இந்நோய் வரும் சில அரிய குடும்பங்களில் உள்ள மரபணு மாற்றத்தை எலிக்குள் புகுத்தி, மூளையில் அமிலாய்டு என்ற புரதத்தைப் படிய வைக்கிறார்கள். அப்புறம் கலங்கிய நீர்த்தொட்டியில் நீந்தவிட்டு, நீருக்கடியில் மறைந்திருக்கும் மேடையை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறது என்று பார்க்கிறார்கள். நல்ல சோதனைதான், ஆனால் அது அளப்பது இடம் பற்றிய நினைவை. அம்மா என்னைத் தன் தங்கை என்று நினைத்துப் பேசுவதை எந்தத் தொட்டியில் அளப்பது?

பெக்சரோட்டீன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருவகைப் புற்றுநோய்க்கு ஏற்கெனவே கடையில் இருந்த மருந்து. 2012இல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் அதை இந்த எலிகளுக்குக் கொடுத்தார்கள்; மூன்றே நாளில் படிவுகள் பாதிக்கு மேல் குறைந்தன, காகிதத்தைக் கிழித்துக் கூடு கட்ட மறந்திருந்த எலிகள் மறுபடி கட்டத் தொடங்கின என்று சயின்ஸ் இதழில் வந்தது. அடுத்த ஆண்டே, அதே இதழில், நான்கு குழுக்கள் படிவு குறைந்ததைத் தங்களால் காண முடியவில்லை என்று எழுதின. பிறகு 20 நோயாளிகளிடம் நடந்த சிறு சோதனையிலும் முதன்மை இலக்கு எட்டப்படவில்லை, இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்புதான் ஏறியது. முதல் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேருக்கு இந்த இரண்டாம் பாதி போய்ச் சேர்ந்திருக்கும்?

எலி ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லெக்கனெமாப் என்ற அல்சைமர் மருந்தும் எலிகளைத் தாண்டி வந்ததுதான். 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற அதுவே நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறதே தவிர, போன நினைவைத் திருப்பித் தருவதில்லை.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். தலைப்பிலேயே ‘எலிகளில்’ என்று போடுங்கள், எத்தனை எலிகள் என்பதையும் முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். அந்த ஆய்வு பிறகு பொய்த்துப்போனால், அதையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். அப்பா அந்தச் சீட்டை இன்னும் சட்டைப்பையில்தான் வைத்திருக்கிறார்.