பருவ நிறைவுக் கடிதம்: பரிசுகள், நன்றிகள், வாசலில் ஒரு சாக்குப்பை

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும்,

வணக்கம். இந்தப் பருவமும் நல்லபடியாக நிறைவடைந்திருக்கிறது. தேர்வு முடிவுகள் மனநிறைவு தருகின்றன. விளையாட்டுப் போட்டிகளில் நம் மாணவர்கள் பரிசுகள் வாங்கி வந்தார்கள். ஓவியக் கண்காட்சிக்கு நீங்கள் திரளாக வந்து பார்த்தீர்கள். நட்ட மரக்கன்றுகளில் பெரும்பாலானவை பிழைத்துவிட்டன. நூலகத்துக்குப் புதிய அலமாரிகள் வந்திருக்கின்றன. பரிசு பெற்றவர்களின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். அனைவருக்கும் பாராட்டுகள்.

இனி, சில வாரங்களாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை அதிகாலையில் கதவைத் திறக்க வந்த நம் காவலாளி, வாயில் தூணோரம் வாய் கட்டிய சாக்குப்பை ஒன்று அசைவதைப் பார்த்தார். அவிழ்த்தால் உள்ளே ஐந்து நாய்க்குட்டிகள். கண் திறந்து ஓரிரு நாள்கூட ஆகியிருக்காது. இரண்டு ஏற்கெனவே இறந்திருந்தன. ஐந்துமே பெண் குட்டிகள். இந்தப் பருவத்தில் மட்டும் இப்படி நடப்பது மூன்றாவது முறை.

இதைச் செய்தவரைக் கல்நெஞ்சர் என்று நான் சொல்லமாட்டேன். கல்நெஞ்சராக இருந்தால் இவ்வளவு தூரம் சுமந்து வந்திருக்க வேண்டியதில்லை. பள்ளி வாசலில் விட்டால் பிள்ளைகள் இரக்கப்படுவார்கள், மதியம் மிச்சம் மீதி கிடைக்கும், எப்படியோ பிழைத்துக்கொள்ளும் என்ற எண்ணம்தான் காரணமாக இருக்கும். ஆண் குட்டி என்றால் காவலுக்கு ஆகும் என்று யாராவது எடுத்துப் போகிறார்கள். பெண் குட்டியை யாரும் கேட்பதில்லை, ஈன்றுகொண்டே இருக்கும் என்ற பயம். ஒரு வீட்டுக்குத் தொல்லை என்று கருதியதைத்தான் முந்நூறு பிள்ளைகள் நடந்து வரும் வழியில் இறக்கி வைத்திருக்கிறோம்.

ஒரு பெண் நாய் பிறந்த ஓராண்டுக்குள்ளேயே, பல சமயம் ஆறேழு மாதத்திலேயே, கருத்தரிக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. சினைக்காலம் ஏறக்குறைய 63 நாட்கள். ஆண்டுக்கு இரண்டு ஈற்று வரை சாத்தியம். ஓர் ஈற்றுக்கு நான்கு, ஐந்து, சில நேரம் அதற்கும் மேல். குட்டிகளில் பாதிக்கு மேல் நோயிலும் பசியிலும் வண்டிச் சக்கரத்திலும் போய்விடுகின்றன. அப்படியும் எண்ணிக்கை குறைவதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே தூணோரம் கிடந்த இரண்டு குட்டிகளின் பேரன் பேத்திகள்தான் இன்று மைதானத்தில் படுத்திருக்கின்றன.

எட்டாம் வகுப்பு மாணவர்கள் இந்தப் பருவம் தங்கள் கணித ஆசிரியையுடன் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். இரண்டு நாள் விடியற்காலையில் பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து, ஒவ்வொரு நாயின் நிறம், வால், தழும்பு எல்லாம் குறித்து, ஒரே நாயை இருமுறை எண்ணாமல் பட்டியல் போட்டார்கள். எனக்கு வியப்பளித்தது எண்ணிக்கை அல்ல, பட்டியலின் கடைசிக் கட்டம். ‘வீடு’ என்று ஒரு கட்டம் வைத்திருந்தார்கள். ‘இது இன்னாருடைய வீட்டுத் திண்ணையில் படுக்கும்’, ‘இதற்கு எங்கள் பாட்டிதான் சோறு வைப்பார்’ என்று பாதிக்கும் மேற்பட்ட நாய்களுக்கு விலாசம் எழுதியிருந்தார்கள். நாம் தெருநாய் என்று சொல்வதில் பெரும்பகுதி நம் வீட்டு நாய்தான். குரைத்தால் நம்முடையது, கடித்தால் ஊருடையது என்று வைத்துக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்றை நாய் கடித்தது உங்களில் பலருக்குத் தெரியும். கலையரங்க மேடைக்கு அடியில் குட்டி போட்டிருந்த தாய் நாய், பந்தெடுக்கக் குனிந்த குழந்தையின் முழங்கையில் பாய்ந்துவிட்டது. குழந்தை நலமாக இருக்கிறாள். வெறிநோய்க்கான (ரேபிஸ்) தடுப்பூசிகள் உரிய நாட்களில் போடப்பட்டன. அதற்குப் பிறகு நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து, ‘என் பிள்ளை பெரிதா, நாய் பெரிதா?’ என்று கேட்டார். அவர் குரல் நடுங்கியது. அன்று கூட்டம் அமளியில் முடிந்துவிட்டதால் அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்: பிள்ளைதான் பெரிது. அதனால்தான் நாய்களைக் கொல்ல வேண்டாம் என்கிறேன்.

ஓரிடத்தில் நாய்கள் சேர்வது அங்கே தீனி இருப்பதால். இருக்கும் நாய்களைக் கொன்றுவிட்டுத் தீனியை அப்படியே விட்டால், அடுத்த ஊர் நாய்கள் சில வாரங்களில் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. எஞ்சிய நாய்களின் குட்டிகளுக்கும் தீனி கூடுதலாகக் கிடைத்து, முன்பைவிட அதிகமாகப் பிழைக்கின்றன. கொல்லும்போது முதலில் கையில் சிக்குபவை மனிதரிடம் பழகிய சாது நாய்கள், அதாவது தடுப்பூசி போட வாய்ப்புள்ளவை. தடுப்பூசி போட்ட பத்து நாய்களை இழந்து, போடாத பத்து நாய்களை வரவழைப்பதுதான் மிச்சம். இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் 1990களின் இறுதியில் வெறிநோய் நுழைந்தபோது லட்சக்கணக்கான நாய்களைக் கொன்றார்கள். நோய் அந்தத் தீவை விட்டுப் போகவில்லை. 2008இல் பாலித் தீவில் நோய் பரவியபோதும் முதலில் கொன்றுதான் பார்த்தார்கள். தீவு முழுக்க நாய்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கிய பிறகே மனித மரணங்கள் குறைந்தன.

மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்கு 99 வரை நாய் மூலம் வருவது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சந்தேகத்துக்குரிய விலங்குகளிடம் கடிபடுபவர்களில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். ஓர் ஊர் நாய்களில் நூற்றுக்கு 70க்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குத் தொற்ற வழியில்லாமல் அறுந்துபோகும் என்பதும் அவர்கள் சொல்லும் கணக்குதான். 1990களிலிருந்து நாய்களுக்குப் பெருமளவில் இலவசத் தடுப்பூசி போட்டுவந்த மெக்சிகோ, நாய் மூலம் வரும் வெறிநோயால் மனிதர் இறப்பதை ஒழித்துவிட்டது என்று 2019இல் அந்த நிறுவனமே அறிவித்தது. மலைக்கிராமங்கள் நிறைந்த சிறிய நாடான பூட்டான், 2009இல் தொடங்கிய கருத்தடைப் பணியைத் தளராமல் தொடர்ந்து, தன் தெருநாய்கள் அனைத்துக்கும் கருத்தடை செய்துவிட்டதாக 2023இல் அறிவித்தது. பதினான்கு ஆண்டுகள் பிடித்தன என்பதையும் கவனியுங்கள். அடுத்த பருவத்துக்குள் மைதானம் காலியாகிவிடும் என்று நான் யாருக்கும் வாக்களிக்கப்போவதில்லை.

இப்போது, எழுதவே கை கூசும் ஒன்று. கூட்டம் முடிந்த அடுத்த வாரம், மைதான வேலியோரம் விஷம் தடவிய இறைச்சித் துண்டுகள் கிடந்தன. இரண்டு நாய்கள் வாயில் நுரை தள்ளித் துடித்துச் செத்ததை முதல் வகுப்புப் பிள்ளைகள் பார்த்தார்கள். அந்த வயதுக் குழந்தைகள் கீழே கிடப்பதை எல்லாம் கையில் எடுப்பவர்கள். இதை வைத்தவர் நாய்க்கு வைக்கவில்லை, என் பிள்ளைகளுக்கு வைத்தார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். யார் என்று எனக்குத் தெரியாது. மறுபடி ஒருமுறை நடந்தால் காவல் நிலையத்தில் நானே புகார் கொடுப்பேன். பெற்றோர், முன்னாள் மாணவர், நன்கொடையாளர் என்ற வேறுபாடு அதில் இருக்காது. பள்ளி வாசலில் சாக்குப்பை இறக்குபவர்களுக்கும் இதையே சொல்கிறேன். இனி அப்படி வருபவரைக் கதவருகிலேயே நிறுத்தி, பெயரும் விலாசமும் எழுதிக்கொள்ளும்படி காவலாளியிடம் சொல்லியிருக்கிறேன்.

குற்றம் எங்கள் பக்கமும் இருக்கிறது. உணவுக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மிச்சக்குழி பல மாதங்களாகத் திறந்தே கிடந்தது. அது எத்தனை நாய்களுக்கு அன்றாடப் பந்தி போட்டது என்பதை மாணவர்களின் பட்டியலைப் பார்த்த பிறகுதான் உணர்ந்தேன். இப்போது மூடி போட்டாகிவிட்டது. மேடையின் அடிப்பகுதிக்குக் கம்பிவலை அடிக்கும் வேலை விடுமுறையில் நடக்கும். வீடுகளிலும் இறைச்சிக் கழிவையும் எச்சிலையையும் தெருமுனையில் கொட்டாமல் மூடிவைக்கவோ புதைக்கவோ முடியுமானால், அதுவே பாதி வேலை.

மீதிப் பாதிக்கு, விடுமுறையின் முதல் சனிக்கிழமை நம் பள்ளி வளாகத்தில் முகாம் நடத்தக் கால்நடை மருத்துவர் இசைந்திருக்கிறார். எல்லா நாய்களுக்கும் தடுப்பூசி உண்டு. கருத்தடையில் பெண் நாய்களுக்கு முதலிடம். சுருக்குக் கம்பி எதுவும் கிடையாது. வலையிலோ கையிலோதான் பிடிப்பார்கள். பழகிய நாய் என்றால் நீங்களே கயிறு கட்டிக் கூட்டி வருவது அதைவிட நல்லது. மயக்கம் கொடுத்து அறுவை செய்து, அந்த மயக்கத்திலேயே காது ஓரத்தில் சிறு வெட்டு போடுவார்கள். ஏற்கெனவே கருத்தடை ஆனது என்று தூரத்திலிருந்தே தெரிய அதுதான் அடையாளம். அதைக் காயம் என்று நினைத்து மருந்து போட வேண்டாம். புண் ஆறும்வரை பார்த்துக்கொண்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடுவார்கள். ‘பிடித்ததை எதற்குத் திரும்ப விடுகிறீர்கள்?’ என்று கேட்பீர்கள். தன் எல்லையில் இருக்கும் நாய் வெளிநாயை உள்ளே விடாது. தடுப்பூசி போட்ட, குட்டி போடாத ஒரு நாய் அந்த இடத்தைப் பிடித்து வைத்திருப்பது நமக்குத்தான் லாபம். பால் கொடுக்கும் தாய் நாய்கள் குட்டிகள் பால் மறக்கும்வரை காத்திருக்கட்டும்.

காயடித்தால் நாய் சோம்பிப்போகும், காவலுக்கு ஆகாது என்று சிலர் தயங்குகிறீர்கள். அது தன் வீட்டைக் காப்பதும் குரைப்பதும் அப்படியே இருக்கும். குறைவது இணை தேடி அலைவதும் அதற்கான சண்டையும்தான். ஒருமுறையாவது ஈன்ற பிறகுதான் செய்ய வேண்டும் என்பதற்கும் மருத்துவத்தில் ஆதாரம் கிடையாது.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்: நாய் துரத்தினால் ஓடாதே, மரம் மாதிரி நில், கண்ணுக்குள் பார்க்காதே. தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டியோடு இருக்கும் நாய் ஆகியவற்றின் பக்கம் போகாதே. ஆனால் ஒன்றை நீங்கள்தான் செய்ய முடியும். கடித்ததையோ நகம் கீறியதையோ பிள்ளை வந்து சொன்னால் திட்டாதீர்கள். ‘அங்கே ஏன் போனாய்’ என்ற அடிக்குப் பயந்து மறைக்கப்பட்ட கடிகளைத் தலைமையாசிரியராக நான் பார்த்திருக்கிறேன். நோயின் அறிகுறி தெரியத் தொடங்கிவிட்டால் மருத்துவத்தால் ஏறக்குறைய எதுவும் செய்ய இயலாது. அதற்கு முன் வந்தால் முழுமையாகக் காப்பாற்றலாம். காயத்தை ஓடும் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் நாம் நினைப்பதைவிட நீளமானது. எண்ணெய், பொடி, மண் எதையும் அப்பாமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தன்று நான்காம் வகுப்பினர் நடித்த சிறு நாடகத்தைச் சிலர் பார்த்திருப்பீர்கள். 1885இல் நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டரை லூயி பாஸ்டர் தடுப்பூசியால் காப்பாற்றிய கதை. ஜோசப்பாக நடித்த மாணவன் ஊசி குத்தும் கட்டத்தில் ஒத்திகையில் இல்லாத அலறல் ஒன்று அலறினான். அவனுக்குத் தனியாக ஒரு பாராட்டு. முதல் பத்தியில் எழுத மறந்துவிட்டேன்.

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷத்தையும் சாக்குப்பையையும் பற்றி எழுதிய பத்தி உங்களில் பெரும்பாலோருக்குப் பொருந்தாது என்று எனக்குத் தெரியும். மேடையடியில் இருந்த தாய் நாயையும் குட்டிகளையும் தன் தோட்டத்துக்குக் கொண்டுபோய் வைத்திருப்பவர், கடிபட்ட குழந்தையின் தாத்தாதான். கணக்கெடுப்புக்கு விடியற்காலையில் பிள்ளைகளுடன் துணைக்கு நடந்த தாய்மார்களுக்கும், முகாமுக்குப் பந்தல் போட்டுத் தருவதாகச் சொன்ன முன்னாள் மாணவர்களுக்கும் நன்றி. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்ட அந்தத் தந்தைக்கும் நன்றி. அவர் கேட்டிராவிட்டால் இந்தக் கடிதத்தை நான் இன்னும் தள்ளிப்போட்டுக்கொண்டுதான் இருந்திருப்பேன். முகாமன்று நாய் பிடிக்க ஆள் வேண்டும் என்றதும் முதலில் பெயர் கொடுத்தவரும் அவர்தான்.

விடுமுறையை மகிழ்ச்சியாகக் கழியுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: அலுவலகத்தில் உரிமையாளர் தெரியாத தண்ணீர்ப் புட்டிகள் பதினொன்றும் ஒற்றைச் செருப்புகள் நான்கும் இருக்கின்றன. விடுமுறைக்கு முன் எடுத்துச் செல்லவும். சாக்குப்பையில் பிழைத்த மூன்று குட்டிகளில் இரண்டுக்கு வீடு கிடைத்துவிட்டது. மூன்றாவது, நெற்றியில் வெள்ளைப் புள்ளி உள்ளது, காவலாளியின் அறையில் அவர் செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறது. உரிய வயதில் அதற்குக் கருத்தடை செய்துதரும் பொறுப்பை மருத்துவர் ஏற்றிருக்கிறார். விரும்புபவர்கள் என்னைப் பார்க்கலாம்.