ஓட்டை வழியே விழும் நிழல்

அன்பு மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் தள்ளிப்போனதற்கு ஒரு நிழல்தான் காரணம். சிரிக்காதே, சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று: வீட்டில் எல்லோரும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் பழையபடி முரண்டு பிடிக்கிறது.

எங்கள் தெரு நூலகத்துக்கு ஒரு சுவரொட்டி கேட்டார்கள். ‘வாசி’ என்ற சொல்லை, தாளில் கத்தரித்து எடுத்தது போலக் காட்ட ஆசை. இங்க்ஸ்கேப்பில் உட்கார்ந்தேன். 2003-லிருந்து இருக்கிற, படம் வரையும் மென்பொருள், காசு கிடையாது, நம்ம ஓய்வூதியத்துக்குத் தோது.

எழுத்துக்கு நிழல் போட்டேன். எழுத்து பலகை போல மேலே எழுந்து நின்றதே தவிர, பள்ளமாகத் தெரியவில்லை. ரெண்டு ராத்திரி மல்லுக்கட்டினேன். அப்புறம்தான் நம் கல்லூரி விழாவுக்கு தெர்மாகோல் வெட்டியது ஞாபகம் வந்தது. எழுத்துகளை மேடையில் ஒட்டிவிட்டு, ஓட்டை விழுந்த மிச்சத் தாளை நீ சுவரில் சாய்த்து வைத்தாயே! அந்த ஓட்டைக்குள் விழுந்தது தாளின் நிழல். நான் தப்பான ஆளுக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதன்பிறகு அரை மணி நேர வேலை. எழுத்தைப் பாதையாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றினேன் (கன்ட்ரோல், ஷிஃப்ட், சி). ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக ஒரு குழுவில் நிற்கும். குழுவைக் கலைத்து, யூனியன் கொடுத்து ஒன்றாக்கிவிட வேண்டும். அதை ஒரு பெரிய செவ்வகத்தின் மேல் வைத்து, இரண்டையும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலும் மைனஸும் தட்டினால் ஓட்டை விழுந்துவிடும். அடியில் வெளிர்மஞ்சளில் இன்னொரு செவ்வகம். நிழல் போடுகிற டிராப் ஷேடோ ஃபில்டரை ஓட்டை விழுந்த தாளுக்குப் போடு: நிழலை நகர்த்துவது வலப்பக்கம் 2, கீழே 3, மங்கல் 3. ஓட்டையின் இடது, மேல் ஓரங்களில் நிழல் படிந்து, தாள் சட்டென்று மேலே எழும்பும். நகர்த்தும் தூரம் குறைந்தால் சார்ட் பேப்பர், கூடினால் தெர்மாகோல். மங்கலை மட்டும் ஏற்றினால் புகை பிடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். கறுப்புக்குப் பதில் அடர்பழுப்பு நிழல் போட்டேன். மஞ்சள் மேல் கறுப்பு அழுக்காகத்தான் தெரியும். தாளைப் பக்கத்தைவிடப் பெரிதாக வைக்க மறக்காதே, இல்லாவிட்டால் வெளி ஓரத்திலும் நிழல் எட்டிப் பார்க்கும்.

‘வா’வின் வயிற்றுக்குள் இருக்கிற துண்டு தெர்மாகோலில் உதிர்ந்துவிடும், ஞாபகம் இருக்கிறதா? நீ குண்டூசி குத்தி நிறுத்துவாய். இங்கே அது அந்தரத்தில் நிற்கிறது, தன் நிழலையும் போட்டுக்கொண்டு!

அச்சகத்திலிருந்து முதல் படி வந்தபோது நிழல் படிக்கட்டு போல இருந்தது. தப்பு என்னுடையதுதான். பிடிஎஃப் ஆக்கும்போது இங்க்ஸ்கேப் மங்கலான பகுதியைப் புள்ளிப்படமாக மாற்றிவிடுகிறது. அதன் நுணுக்கம் 96 டிபிஐ (அங்குலத்துக்கு 96 புள்ளி) என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. 300 ஆக்கியதும் சரியாயிற்று.

அந்த விழா போட்டோ உன் டிரங்குப் பெட்டியில்தானே இருக்கிறது? ஸ்கேன் எடுத்து அனுப்பு. டியூப்லைட் எந்தப் பக்கம் இருந்தது என்று நான் பார்க்க வேண்டும். உன் மாடிக் கூரை வேலை முடிந்ததா என்றும் எழுது.

உன் பழைய அறைத்தோழன்