ஹெரால்டுக்கு கிரீஸ் அல்ல, ஆயில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பழைய கார்களின் முன்பக்க சஸ்பென்ஷனைப் புதுப்பிப்பது பற்றி வந்த கட்டுரையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இருந்தது. 1961 முதல் பத்தாண்டுகள் வண்டலூரில் தயாரான கார். நம் ஊரில் இன்றும் சிலர் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அம்பாசடருக்கும் பத்மினிக்கும் சொன்ன யோசனையையே ஹெரால்டுக்கும் சொல்லிவிட்டார் கட்டுரையாளர். நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சிறு முனை) உள்ள இடமெல்லாம் கிரீஸ் அடியுங்கள், கேஸ் ஷாக் (வாயு நிரப்பிய அதிர்வுத்தாங்கி) போடுங்கள், வண்டி தாழ்ந்து நிற்க ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டுங்கள் என்கிறார். இதில் முதல் யோசனையைக் கேட்டால் ஒருநாள் முன்சக்கரம் மடிந்து வண்டி தரையில் உட்காரும்.

காரணம் அதன் அமைப்பில் இருக்கிறது. ஹெரால்டில் சக்கரத்தைத் தாங்கி நிற்பது வெர்ட்டிகல் லிங்க் என்ற இரும்புத் தண்டு. மேல்முனை பால் ஜாயிண்டில், அதாவது எல்லாப் பக்கமும் திரும்பும் குண்டு மூட்டில், இருக்கிறது. கீழ்முனையில் மரை வெட்டி, ட்ரன்னியன் என்ற வெண்கலக் கட்டிக்குள் முறுக்கியிருக்கிறார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தண்டு அந்த மரையில்தான் சுழல்கிறது. வண்டியின் முன்பாரம், பிரேக் இழுப்பு, பள்ளத்தில் விழும் அடி எல்லாம் அந்தச் சில அங்குல மரை வழியாகத்தான் போகின்றன. அதற்குத் தயாரிப்பாளர் சொன்னது இ.பி. 90 (90 நம்பர்) கியர் ஆயில், 6000 மைலுக்கு ஒரு தடவை. அதாவது ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர்.

கிரீஸ் அடித்தால் என்ன ஆகும்? மரையின் இடுக்கு வழியாகக் கிரீஸ் அடிவரை இறங்காது. வாயிலேயே தங்கிக் காய்ந்து, பிறகு ஆயில் ஊற்றினாலும் உள்ளே விடாத அடைப்பாகிவிடும். மேலே உள்ள ரப்பர் சீல் தேய்ந்ததும் மழைத் தண்ணீர் இறங்கி மரையில் தேங்கும். தண்டில் துரு பிடித்துக் குழி விழும். அந்தக் குழியில் தொடங்கும் மயிரிழை விரிசல் மெல்ல வளர்ந்து, மரை தொடங்கும் இடத்தில் தண்டு முறிகிறது. பெரும்பாலும் இது வேகத்தில் நடப்பதில்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போதோ, பார்க்கிங்கில் திருப்பும்போதோ நடக்கும். நூறு அடி சாலையில் போகும்போது நடந்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

பட்டறைக்காரர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. ட்ரன்னியனின் அடியில் ஒரு தகட்டு மூடி உண்டு. அது கசிந்தால் ஊற்றிய ஆயில் ஒரு வாரத்தில் தரையில் இருக்கும். 'ஆயில் நிற்கலை சார், கிரீஸ் அடிச்சுடலாம்' என்று தொடங்குவது அங்கேதான். கசிவை அடைக்க வேண்டுமே தவிர, ஊற்றுவதை மாற்றக் கூடாது. கட்டியைக் கழற்றி, சுத்தமாகத் துடைத்து, மூடியின் ஓரத்தை ஈயம் வைத்தோ நல்ல எபாக்ஸியாலோ அடைத்தால் போதும்.

ஆகவே சஸ்பென்ஷனை மேம்படுத்த நினைப்பவர் முதலில் இருப்பதைச் சோதிக்க வேண்டும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் உதவிக்கு ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் கோளாறு வீல் பேரிங்கில். நிற்காவிட்டால் ட்ரன்னியன் அல்லது பால் ஜாயிண்ட். இடவலமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் லொடக்கென்றால் டை ராட் எண்ட் (ஸ்டியரிங் கம்பியின் முனை மூட்டு) அல்லது ஸ்டியரிங் ராக் (ஸ்டியரிங்கின் சுழற்சியை இடவல அசைவாக்கும் பல்தண்டு).

கழற்றுவதற்கு இதைவிட வசதியான கார் கிடையாது. பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்னால் சாய்வதால் டயர் மேல் உட்கார்ந்துகூட வேலை பார்க்கலாம். ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தொகுதி, மேலே மூன்று நட்டுகளிலும் கீழே ஒரு போல்ட்டிலும் நிற்கிறது. அவற்றை எடுத்தால் ஸ்பிரிங் கம்ப்ரசர் இல்லாமலே முழுசாக வெளியே வந்துவிடும். ஆனால் அந்த மூன்று நட்டுகளுக்கு நடுவில் இன்னொரு நட்டு தெரியும். அது ஷாக்கின் தண்டைப் பிடித்திருப்பது. ஸ்பிரிங்கைக் கம்ப்ரசரில் அமுக்காமல் அதில் ஸ்பானர் வைக்கக் கூடாது. வைத்தால் ஸ்பிரிங் தெறிக்கும், எதிரில் இருக்கும் முகத்தை நோக்கி.

பிரேக் டிரம்மை பிரேக் ஹோஸில் தொங்க விடாமல் கம்பி போட்டுக் கட்டிவிடுங்கள். டை ராட் எண்ட் வராவிட்டால் நட்டின் மேல் அடிக்காதீர்கள், மரை கெட்டுவிடும். ஸ்டியரிங் ஆர்மின் கண்ணில் இரண்டு பக்கமும் இரண்டு சுத்தியால் ஒரே நேரத்தில் ஒரு தட்டு தட்டினால் கூம்பாக இறுகியிருக்கும் டேப்பர் விட்டுவிடும். ட்ரன்னியனைக் கீழ் விஷ்போனுடன் (சேஸிஸிலிருந்து சக்கரத்துக்கு நீளும் கவட்டைக் கை) கோக்கும் போல்ட் பெரும்பாலும் உள்ளிருக்கும் ஸ்டீல் குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். அதையும் சுத்தியால் அடித்தால் விஷ்போனின் காது வளையும். ஹாக்சா பிளேடை இடுக்கில் விட்டு இரு பக்கமும் அறுத்துவிடுவதே மேல். போல்ட்டுக்கு ஆகும் செலவு விஷ்போனுக்கு ஆவதில் ஒரு துளி. புதுப் போல்ட்டில் காப்பர் கிரீஸ் தடவிப் போட்டால் அடுத்த முறை கையோடு வரும். ட்ரன்னியன் பக்கம் கிரீஸுக்கு உரிய இடம் இது ஒன்றுதான்.

கழற்றிய வெர்ட்டிகல் லிங்கை மண்ணெண்ணெயில் ஊற வைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் வைத்துப் பாருங்கள். மரையில் குழி தெரிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். கண்ணுக்குத் தெரியாத விரிசலைப் பார்க்க சிவப்புச் சாயம் தெளித்து, துடைத்து, மேலே வெள்ளைப் பூச்சு அடிக்கும் சோதனை இருக்கிறது. தொழிற்பேட்டைகளில் செய்துதருகிறார்கள். விரிசல் இருந்த இடம் வெள்ளையில் சிவப்புக் கோடாகத் தெரியும். அதன் மேல் வெல்டிங் வைப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அது அடித்து உருவாக்கிப் பதப்படுத்திய எஃகு. வெல்டிங் சூட்டில் பதம் போய்விடும், வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே முறியும்.

இடப்பக்கத் தண்டுக்கு இடமரை, வலப்பக்கத்துக்கு வலமரை. மாற்றி முறுக்கப் பார்த்தால் வெண்கலம் தேய்ந்து நாசமாகும். புது ட்ரன்னியனை வெறும் கையால் முறுக்கிப் பாருங்கள். வழவழவென்று ஏற வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. சந்தையில் வரும் சில நகல்களில் மரை சரியாக வெட்டப்பட்டிருப்பதில்லை. முழுவதும் முறுக்கி முட்டியதும், ஒரு சுற்றுக்கு மேல் போகாமல் பின்னால் திருப்பி, போல்ட் துளை நேராக வரும் நிலையில் பொருத்த வேண்டும். அப்படித் திருப்பாமல் மாட்டினால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது தண்டு அடியில் முட்டும். மாட்டிய பின் ட்ரன்னியனில் உள்ள பிளக்கைக் கழற்றி நிப்பிள் போட்டு, கிரீஸ் கன்னிலேயே 90 நம்பர் ஆயிலை நிரப்பி அடியுங்கள். கன் ஒழுகும், கை நாறும், பரவாயில்லை. மேல் சீலுக்கடியில் புது ஆயில் கசியும்வரை அடிக்க வேண்டும். வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்கு மைல் கணக்கு பொருந்தாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை, முடிந்ததும் ஒரு முறை அடிப்பது நல்லது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் மேம்படுத்தும் பேச்சு. விஷ்போனின் உள்முனைகளில் பக்கத்துக்கு நான்காக மொத்தம் எட்டு புஷ்கள், அதாவது போல்ட்டைச் சுற்றிய ரப்பர் உறைகள். ரப்பருக்குப் பதில் பாலியூரத்தேன் போட்டால் ஸ்டியரிங் கூர்மையாகும். சிலிகான் கிரீஸ் தடவாவிட்டால் கீச்சிடும். நம் சாலையின் அதிர்வும் கூடுதலாக உள்ளே வரும். கீழ் விஷ்போனுக்கு மட்டும் அதைப் போட்டு, மற்ற இடங்களில் ரப்பரையே வைப்பது என் சிபாரிசு. ரப்பர் புஷ் போடுபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். வண்டி ஜாக்கியில் இருக்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கியபடியே நிற்கும், சில மாதத்தில் கிழியும். சக்கரம் தரையில் நின்று, பாரம் ஏறிய பிறகுதான் கடைசி இறுக்கு.

ஷாக் விஷயத்தில் கேஸா ஆயிலா என்பதைவிட நீளம் முக்கியம். ஹெரால்டில் சக்கரம் கீழே தொங்கும் எல்லையை நிர்ணயிப்பதே ஷாக்தான். வேறு வண்டியின் நீளமான ஷாக்கைப் புஷ் மாற்றி மாட்டினால் பால் ஜாயிண்ட் அளவுக்கு மேல் சாய்ந்து உடையும். மூடிய நீளம் அதிகமாக இருந்தால் ஒவ்வொரு வேகத்தடையிலும் அடி முட்டும். விரித்த நீளம், மூடிய நீளம், கீழ்க் கண்ணின் துளை மூன்றையும் பழையதோடு வைத்து அளந்த பிறகே காசு கொடுங்கள். ஸ்பிரிங்கை வெட்டினால் முனை கிண்ணத்தில் சரியாக உட்காராது. தாழ்த்தியே ஆக வேண்டுமென்றால் அதற்கென்றே செய்த, ஓர் அங்குலம் குறைந்த ஸ்பிரிங் போடலாம். அதற்கு மேல் வேண்டாம். டயரும் 155-க்கு மேல் அகலம் வேண்டாம். ரிம்மே மூன்றரை அங்குலம்தான்.

குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது கட்டுரையில் இல்லவே இல்லை. ஸ்டியரிங் ராக்கை 'யு' போல்ட்டுக்குள் பிடித்திருக்கும் ரப்பர் கட்டைகள் அவை. ஆயில் பட்டு ஊறிப்போனால் ராக்கே இடவலமாக நகரும். கேஸ் ஷாக் போட்டும் வண்டி அலைகிறது என்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கீழ் விஷ்போன் பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே உள்ள ஷிம்களை (மெல்லிய தகடுகள்) எடுத்த இடம் குறித்துக் கம்பியில் கோத்து வையுங்கள். முன்னும் பின்னும் சமமாகச் சேர்த்தால் சக்கரத்தின் அடி வெளியே தள்ளும், கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) மாறும். ஒன்றில் மட்டும் சேர்த்தால் காஸ்டர் (ஸ்டியரிங் அச்சு முன்பின் சாயும் கோணம்) மாறும். அலைன்மென்ட் கடையில் டோ-இன் (சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்ளே குவியும் அளவு) 0 முதல் 1/16 அங்குலம், அதாவது ஒன்றரை மில்லிமீட்டருக்குள், என்று சொல்லி வைக்கச் சொல்லுங்கள். அவர்கள் கணினியில் ஹெரால்டு இருக்காது.

பாகம் கிடைக்காது, அதனால் புதிய காரின் ஸ்ட்ரட்டை (சக்கரத்தையே தாங்கும் ஸ்பிரிங்-ஷாக் தண்டு) சேஸிஸில் வெட்டி ஒட்டலாம் என்ற வாதமும் சரியல்ல. இதே முன்பக்க அமைப்புதான் பிரிட்டனில் 1980 வரை வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயரிலும். அதனால் பாகங்கள் இன்றும் அங்கே புதிதாகத் தயாராகின்றன. தவிர, 2021 ஜூலையில் வந்த விதிப்படி 50 ஆண்டு கடந்த வண்டியை வின்டேஜ் என்று பதிய, சேஸிஸிலும் பாடியிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. வெட்டிய சேஸிஸோடு போனால் அந்தப் பதிவு கேள்விக்குறிதான்.

கட்டுரையில் கிரீஸ் என்று வந்த இடத்துக்கு, ஹெரால்டுக்கு மட்டும் 90 நம்பர் ஆயில் என்று வரும் ஞாயிறு இதழில் ஒரு வரித் திருத்தம் போட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பெருங்களத்தூர்