பிளேடு சர்வர் டெண்டரில் சேசிஸின் ஆயுளையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சர்வர் அறைகளில் இருபது ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நான் பார்த்த பிளேடு சர்வர் டெண்டர்கள் பெரும்பாலானவற்றில் செயலி, நினைவகம் ஆகியவற்றின் விவரங்கள் பக்கம் பக்கமாக இருந்தன. பிளேடு என்பது மெல்லிய பலகை போன்ற சர்வர்; பல பிளேடுகளை வரிசையாகச் செருகி, மின்சாரத்தையும் குளிர்ச்சியையும் பொதுவாகத் தரும் பெட்டிதான் சேசிஸ். அந்தச் சேசிஸைப் பற்றி ஓரிரு வரிகளே இருந்தன.

பிளேடு சர்வரின் சிறப்பே சேசிஸில்தான் இருக்கிறது. எச்பி 2006இல் வெளியிட்ட சி7000 சேசிஸ் சுமார் பதினேழரை அங்குல உயரத்தில் 16 சர்வர்களைத் தாங்கியது. அவை அனைத்துக்கும் பொதுவாக 6 பவர் சப்ளைகளும் 10 மின்விசிறிகளும் போதுமாக இருந்தன. ரேக் எனும் இரும்புச் சட்டத்தில் தனித்தனியே பொருத்தும் ரேக் சர்வர்களாக வாங்கினால், ஒன்றுக்கு இரண்டு வீதம் 32 பவர் சப்ளைகள் தேவைப்பட்டிருக்கும். இடமும் கேபிளும் மிச்சமாவதை மறுப்பதற்கில்லை.

ஆனால் 19 அங்குல ரேக்கில் எந்த நிறுவனத்தின் சர்வரையும் பொருத்தலாம். ஒரு நிறுவனத்தின் பிளேடோ இன்னொரு நிறுவனத்தின் சேசிஸில் நுழையாது. 2002இல் பிளேடுசென்டர் என்ற தன் பிளேடு சர்வர் வரிசையைக் கொண்டுவந்த ஐபிஎம், இன்டெலுடன் சேர்ந்து 2004இல் அதன் வடிவமைப்பு விவரங்களைப் பிறருக்குத் திறந்துவிட்டது. ஆயினும் எச்பியும் டெல்லும், 2009இல் யுசிஎஸ் என்ற சர்வர் வரிசையுடன் வந்த சிஸ்கோவும் தத்தம் வடிவத்திலேயே தொடர்ந்தன. ஒரே நிறுவனத்துக்குள்ளும் இதே நிலைதான்: டெல்லின் பழைய எம்1000இ சேசிஸுக்கான பிளேடுகள், 2018இல் வந்த எம்எக்ஸ்7000 சேசிஸில் பொருந்தா. நிறுவனங்களும் கைமாறுகின்றன. பிளேடு சர்வரை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த ஆர்எல்எக்ஸ் 2005இல் எச்பி வசமானது. ஐபிஎம்மின் எக்ஸ்86 (இன்டெல் வகைச் செயலி) சர்வர் பிரிவு 2014இல் லெனோவோவிடம் சென்றது.

நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில் எட்டாம் ஆண்டில் கூடுதலாக இரண்டு பிளேடுகள் தேவைப்பட்டபோது, அந்தச் சேசிஸுக்கான பிளேடு உற்பத்தியே நின்றுவிட்டதென்று பதில் வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறிகள், பவர் சப்ளைகள், ஸ்விட்சுகள் அனைத்தையும் சேசிஸோடு சேர்த்துக் கழித்துக்கட்டினோம். அந்த நாளின் வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. தயாரிப்பாளர்கள் எல்லோரையும் ஒன்றாகக் குறைகூறவும் முடியாது: அதே சி7000 சேசிஸுக்கு 2017இலும் புதிய தலைமுறை பிளேடு வெளிவந்தது. அத்தகைய உறுதியை வாங்கும்போதே எழுத்தில் பெற வேண்டும் என்பதே என் கோரிக்கை.

எந்த ஆண்டு வரை இந்தச் சேசிஸுக்குப் புதிய பிளேடுகள் விற்கப்படும், எந்த ஆண்டு வரை அதன் மின்விசிறி, பவர் சப்ளை, சேசிஸைக் கண்காணிக்கும் மேலாண்மை மாட்யூல் ஆகியவை உதிரியாகக் கிடைக்கும் என்ற இரு கேள்விகளையும் அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் டெண்டரின் கட்டாய நிபந்தனைகளாகச் சேர்க்க வேண்டும். நான்கைந்து சர்வர்களே போதும் என்ற நிலையிலுள்ள கல்லூரிகள், பாதி காலியாகக் கிடக்கப்போகும் சேசிஸுக்குப் பணம் கொடுக்காமல், சாதாரண ரேக் சர்வர்களையே வாங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சர்வர் நிர்வாகி,
மதுரை